டாக்டரம்மாவின் காகிதங்களும் தோட்டத்து ஏடுகளும்

லண்டன் யூஸ்டன் சாலையில் வெல்கம் நூலகம் இருக்கிறது. மருந்து வியாபாரத்தில் பெரும்பணம் சேர்த்த ஹென்றி வெல்கம் விட்டுப்போன சொத்தில் நடப்பது. மருத்துவத்தோடு தொடர்புள்ள பழைய காகிதம் எதற்கும் அங்கே ஓர் இடம் கிடைக்கும். அதன் அலமாரிகளில் பி.பி./சி.டி.டபிள்யூ. என்ற குறியீட்டின் கீழ் ஒரு குழந்தை மருத்துவரின் வாழ்நாள் காகிதங்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. கடிதங்கள், அறிக்கைகள், சொற்பொழிவுகள், குறிப்புகள். அவர் பெயர் சிசிலி டெல்ஃபின் வில்லியம்ஸ். ஜமைக்காவில் 1893-இல் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் 1992-இல் இறந்தவர்.

பேராக்கில் இந்தப் பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும். ஜப்பானியர் போன பிறகு, 1946-இல், மலாயா முழுமைக்குமான தாய்சேய் நலப் பணிக்குத் தலைமை ஏற்க வந்தவர் இவர். ஈப்போவும் கோலகங்சாரும் சுங்கை சிப்புட் தோட்டங்களும் அந்தப் பொறுப்புக்குள் அடக்கம். காலனி மருத்துவத் துறையில் அதற்கு முன் ஒரு பெண் அவ்வளவு உயர்ந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

டாக்டரம்மா எதை நினைத்தார், யாரோடு சண்டை போட்டார், எந்தப் பிள்ளைக்கு என்ன கொடுத்துப் பார்த்தார் என்பதெல்லாம் இன்று நமக்குத் தெரிகிறது. அவர் எழுதி வைத்தார். எழுதியதை யாரோ பத்திரப்படுத்தினார்கள். அதே காலத்தில் பேராக் தோட்டங்களில் நம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்கள் டிரஸ்ஸரும் ஆயாவும் மருத்துவச்சியும். அவர்களில் எழுதத் தெரிந்தவர்கள் எழுதி வைத்த ஏடுகள் எங்கே போயின?

கேட்டுத் தெரிந்துகொண்ட நோய்

வில்லியம்ஸ் டாக்டரானதே முதல் உலகப் போரின் புண்ணியத்தில்தான். ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டதால் மருத்துவப் படிப்பில் பெண்களுக்கு இடம் கிடைத்தது. 1923-இல் படித்து முடித்தார். ஆண்கள் திரும்பி வந்ததும் வேலை கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. கிரேக்கத்தில் அகதிகளிடையே சில காலம் வேலை பார்த்தார். பிறகு காலனிச் சேவையில் சேர்ந்து 1929-இல் கோல்ட் கோஸ்ட், அதாவது இன்றைய கானா, போய் இறங்கினார். 'பெண் மருத்துவ அதிகாரி' என்பது பதவியின் பெயர். சம்பளம் ஆண் டாக்டரைவிடக் குறைவு.

அங்கே, அக்ராவில், ஒரு விசித்திரத்தைப் பார்த்தார். பிறந்தபோது கொழுகொழுவென்று இருந்த பிள்ளை, ஒன்றிரண்டு வயதில் கைகால் வீங்கி, முடி செம்பட்டையாகி, தோல் கருத்து உரிந்து, எதிலும் பிடிப்பில்லாமல் சுருண்டு கிடந்து செத்துப் போகிறது. இது பெல்லாக்ரா என்று பெரிய டாக்டர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். வில்லியம்ஸ் அதை நம்பவில்லை. இறந்த பிள்ளைகளின் உடலைத் தானே அறுத்துச் சோதித்தார். அப்படி ஒரு சோதனையில் கிருமி தொற்றி, உயிர் பிழைத்ததே பெரிய காரியமாயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, தாய்மாரிடம் உட்கார்ந்து கேட்டார். அவர்கள் கா மொழியில் குவாஷியோர்கர் என்றார்கள். அடுத்த பிள்ளை வந்ததும் மடியை இழந்த மூத்ததுக்கு வரும் நோயாம் அது. சவலைப் பிள்ளை என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, ஏறக்குறைய அதுதான். பால் நிறுத்தப்பட்ட பிள்ளைக்கு மக்காச்சோளக் கூழைத் தவிர வேறில்லை. புரதம் இல்லாமல் உடம்பு ஊதுகிறது. 1933-இல் ஒரு மருத்துவ இதழிலும், 1935-இல் லான்செட்டிலும் எழுதினார். அந்த ஆப்பிரிக்கத் தாய்மாரின் சொல்லே மருத்துவ நூல்களில் ஏறியது.

அந்தப் பிள்ளைகளில் சிலரை அவர் பிழைக்க வைத்தது மீன் எண்ணெயையும் டின் பாலையும் கொடுத்துத்தான். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். டின் பாலின் மீது அவருக்கு ஜென்மப் பகை ஒன்றும் கிடையாது.

ஒரு ரோட்டரிக் கூட்டம்

1936-இல் மலாயாவுக்கு மாற்றல். சிங்கப்பூரில் ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்த வேண்டும். அங்கே அவர் பார்த்தது வேறு வகைச் சாவு. வெள்ளை உடுப்புப் போட்ட பெண்கள் பிள்ளை பெற்ற வீடுகளுக்கு வருகிறார்கள். பார்ப்பதற்கு நர்ஸ் போலவே இருப்பார்கள். உண்மையில் பால் கம்பெனி ஆட்கள். தாய்ப்பாலைவிட டின் பால் உசத்தி என்று பேசிவிட்டுப் போவார்கள். தாயும் நம்பி மாறுவாள். மாறிய சில நாளில் அவளுக்குப் பால் வற்றிவிடும். அப்புறம் டின்னை விட்டால் வழியில்லை. டின் வாங்கக் காசில்லாதபோது தண்ணீர் கூடும், பால் குறையும். அந்தத் தண்ணீரும் கொதிக்காத தண்ணீர். பிள்ளைக்கு வயிற்றால் போகும். கொழுப்பை எடுத்துவிட்டுச் சர்க்கரையைச் சேர்த்த டின்களில் வைட்டமின் ஏ இருக்காது. அதையே குடித்து வளரும் பிள்ளையின் கண் வறண்டு பார்வை போகும். பிரிட்டனில் அந்த மாதிரி டின்களின் மேல், குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று அச்சிட வேண்டும் என்பது விதி. மலாயாவில் அதைக் கேட்பார் இல்லை.

1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கம் அவரைப் பேச அழைத்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் ஊரின் பெரிய வியாபாரிகள். வில்லியம்ஸ் தன் பேச்சுக்கு வைத்த தலைப்பு 'பாலும் கொலையும்'. பிள்ளைக்கு எதை ஊட்டுவது என்பதில் தெரிந்தே தவறான பிரசாரம் செய்கிறவர்களை இராஜத்துரோகிகளைப் போல் தண்டிக்க வேண்டும், அதனால் வரும் சாவுகளைக் கொலை என்றே கணக்கில் எழுத வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். அந்த அறையில், அந்த ஆட்களுக்கு முன்னால் இதைச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

பேச்சு அன்றோடு காற்றில் போயிருக்க வேண்டியது. காகிதத்தில் இருந்ததால் பிழைத்தது. 1970-களில் பால்மாவுக் கம்பெனிகளுக்கு எதிரான இயக்கம் உலகமெங்கும் கிளம்பியபோது தாய்மார் இயக்கங்கள் அந்தப் பழைய பேச்சைத் தேடிப் பிடித்தன. 1981 மே மாதம் உலக சுகாதார மாநாடு தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கும் பொருட்களுக்கான விற்பனை நெறிமுறையை நிறைவேற்றியது. ஆதரவு 118, எதிர்ப்பு ஒரே ஒன்று. அந்த ஒன்று அமெரிக்கா. 'பாலும் கொலையும்' 1986-இல் மறுபடி அச்சேறியது. அச்சிட்டது அனைத்துலகப் பயனீட்டாளர் சங்கங்களின் கூட்டமைப்பு. அச்சான இடம் பேராக்கின் அண்டை மாநிலமான பினாங்கு.

ஆயாக் கொட்டகை

சிங்கப்பூர் நகரத்துத் தாயை டின் பாலுக்குத் திருப்பியது விளம்பரம். தோட்டத்துத் தாயைத் திருப்பியது பெரட்டு மணி. இந்த வித்தியாசத்தை வில்லியம்ஸின் ரோட்டரிப் பேச்சில் தேடினால் கிடைக்காது. லயத்தில் வாழ்ந்த குடும்பங்களைக் கேட்டால் கிடைக்கும்.

விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, பழையதோ ரொட்டியோ கட்டிக்கொண்டு, இருட்டிலேயே பிள்ளையைத் துணியில் சுற்றி ஆயாக் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பெரட்டில் பெயர் கூப்பிடும்போது நிற்காவிட்டால் அன்றைய நிரை போய்விடும், கூலியும் போய்விடும். கொட்டகையில் குறுக்கு விட்டத்தில் வரிசையாக ஏணைகள் தொங்கும். அம்மாவின் பழைய சேலைத் துணிதான் ஏணை. பார்த்துக்கொள்வது மரம் வெட்டும் வயதைக் கடந்த ஒரு கிழவி. ஒன்றை ஆட்டிவிட்டு அடுத்ததுக்குப் போவதற்குள் முதலாவது அழும். வெட்டி முடித்து, மங்கில் நிறைந்த ரப்பர் பாலைச் சேகரித்து, காண்டா வாளியில் சுமந்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டுத் தாய் திரும்பும்போது உச்சிப்பொழுது நெருங்கிவிடும். அதுவரை அவள் நெஞ்சில் கட்டிய பால் ரவிக்கையை நனைத்துக்கொண்டிருக்கும். பிள்ளைக்குக் கிடைத்தது ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்த ஒரு கரண்டி டின் பால். ஒரு டின்னை வாரக் கணக்கில் இழுக்க வேண்டும். கொட்டகையில் ஈக்குப் பஞ்சமில்லை.

சட்டம் சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் பள்ளிக்கூடம் வேண்டும், பிள்ளை பராமரிப்புக் கொட்டகை வேண்டும், ஆஸ்பத்திரி வசதி வேண்டும் என்றெல்லாம் சொன்னது. பல தோட்டங்கள் சேர்ந்து ஒரு ஆஸ்பத்திரி வைத்துக்கொண்டன. டாக்டர் எப்போதாவது வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அன்றாடம் அதை ஓட்டியது டிரஸ்ஸர். காய்ச்சலுக்குக் கொய்னா, வயிற்றுக்குத் தண்ணீர் மருந்து, காலில் புண்ணுக்குக் கட்டு, இரவில் பிரசவம். மலேரியாவும் கொக்கிப்புழுவும் இரத்தத்தை உறிஞ்சிய தாயின் வயிற்றில் எடை குறைந்த பிள்ளை பிறக்கும். அதன் பெயரும் அதன் சாவும் டிரஸ்ஸரின் ஏட்டில் ஒரு வரி.

ஒரு விஷயத்தில் மட்டும் நம்மவர்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் பெரிபெரி வந்து கால் வீங்கி, மூச்சு முட்டிக் கூட்டங்கூட்டமாக இறந்தார்கள். தோட்டத்துத் தமிழர்களுக்கு அந்த நோய் அபூர்வம். காரணம் புழுங்கல் அரிசி. நெல்லை அவிக்கும்போது தவிட்டுச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. தீட்டினாலும் முழுதாகப் போவதில்லை. நெகிரி செம்பிலானில் பிராடன் என்ற டாக்டர் இந்த வித்தியாசத்தைக் கவனித்து எழுதினார். ஃபிளெட்சர் என்ற இன்னொரு டாக்டர் 1905-இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பாதிப் பேருக்குப் பச்சரிசி, பாதிப் பேருக்குப் புழுங்கலரிசி கொடுத்துப் பார்த்தார். பச்சரிசிக்காரர்களைத்தான் பெரிபெரி பிடித்தது. வைட்டமின் என்ற பெயரே உலகத்துக்கு வராத காலம் அது. நம் ஆயாவும் அம்மாவும் உலையில் போட்ட அரிசி ஒரு பெரிய மருத்துவக் கண்டுபிடிப்புக்குச் சாட்சி சொன்னது. பாடநூல்கள் பிராடனையும் ஃபிளெட்சரையும் நினைவில் வைத்திருக்கின்றன. அந்த அரிசியைத் தின்றவர்களின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை.

அந்த அதிர்ஷ்டமும் 1942-இல் முடிந்தது. ஜப்பானியர் வந்தார்கள், ரங்கூன் அரிசி நின்றது, தோட்டமெங்கும் மரவள்ளி முளைத்தது. ஆண்களைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். வெறும் கிழங்கைத் தின்ற பிள்ளைகளுக்குக் கைகால் வீங்கியதை அந்தக் காலத்துப் பெரியவர்கள் கதைகதையாகச் சொன்னார்கள். வில்லியம்ஸ் அக்ராவில் பார்த்த மக்காச்சோளக் கூழுக்கும் இந்தக் கிழங்குக்கும் அதிக தூரமில்லை. இரண்டிலும் வயிறு நிறையும், புரதம் சேராது.

1943

ஜப்பானியர் இறங்கியபோது வில்லியம்ஸ் திரெங்கானுவில் இருந்தார். காடு கடந்து சிங்கப்பூர் வந்து சேர்ந்தார், சிங்கப்பூரும் விழுந்தது. சாங்கி சிறைமுகாமில் பெண்கள் பகுதியின் பொறுப்பாளர்களில் ஒருவராக இருந்தார். 1943 செப்டம்பரில் சிங்கப்பூர் துறைமுகத்தில் ஜப்பானியக் கப்பல்கள் வெடித்தன. முகாமுக்குள் உளவு நடக்கிறது என்று சந்தேகித்து அக்டோபர் 10-ஆம் தேதி ஜப்பானிய இராணுவப் போலீசான கெம்பெய்த்தாய் புகுந்தது. மொத்தம் 57 பேரைப் பிடித்துப்போய்ச் சித்திரவதை செய்தார்கள். 15 பேர் இறந்தார்கள். பிடிபட்ட மூன்று பெண்களில் வில்லியம்ஸ் ஒருவர். மாதக்கணக்கில் கூண்டில் அடைபட்டுக் கிடந்தார். பெரிபெரியால் மரத்த பாதங்கள் கடைசிவரை முழுதாகத் தேறவில்லை.

விடுதலையான பின் முகாமின் பெண்கள், பிள்ளைகள் உணவுநிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அதிலிருந்து அவர் வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த ஒரு கணக்கு உண்டு: முகாமில் பிறந்த பிள்ளைகள் 20, தாய்ப்பால் குடித்தவர்கள் 20, பிழைத்தவர்கள் 20. டின் பால் அங்கே கிடைத்திருந்தால் இந்தக் கணக்கு இப்படி வந்திருக்குமா?

அதே 1943-இல், இங்கே பேராக்கில், இன்னொரு பெண் கெம்பெய்த்தாயிடம் சிக்கினார். சிபில் கார்த்திகேசு டாக்டர் அல்ல, நர்ஸ், மருத்துவச்சி. கணவர் டாக்டர் ஏ.சி. கார்த்திகேசுவோடு ஈப்போ பிரூஸ்டர் ரோட்டில் கிளினிக் நடத்தியவர். அந்த ரோடு இன்று சுல்தான் இட்ரிஸ் ஷா சாலை. போர் வந்ததும் பாப்பான் என்ற சின்னச் சுரங்க ஊருக்குப் போய், ஊராருக்கும் காட்டிலிருந்த எதிர்ப்புப் படையினருக்கும் இரகசியமாக மருத்துவம் பார்த்தார். கண்ணெதிரே சின்ன மகளை மரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டியபோதும் அவர் வாய் திறக்கவில்லை. பத்து காஜா சிறையிலிருந்து வெளியே வந்தபோது நடக்க முடியாத நிலை. சிகிச்சைக்காக பிரிட்டன் கொண்டுபோனார்கள். மன்னர் ஜார்ஜ் பதக்கம் கொடுத்தார். 1948 ஜூனில் இறந்தார். உடலைப் பின்னர் ஈப்போவுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.

சிபிலை இன்று நாம் அறிவதும் அவர் தன் கதையைப் புத்தகமாக விட்டுச் சென்றதால்தான். 1954-இல் வெளிவந்தது. அந்தப் புத்தகம் இல்லாவிட்டால் ஈப்போவில் அவர் பெயரில் ஒரு சாலை இருந்திருக்குமா என்பது சந்தேகமே.

1948 ஜூன் பேராக்குக்குக் கெட்ட மாதம். 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் பக்கம் எல்ஃபில் தோட்டத்திலும் அருகிலும் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்டார்கள், அவசரகாலம் பிறந்தது, லயங்களைச் சுற்றி முள்கம்பி ஏறியது. வில்லியம்ஸ் அந்த ஆண்டே ஜெனீவா போய்விட்டார், புதிதாகத் தொடங்கிய உலக சுகாதார நிறுவனத்தில் தாய்சேய் நலப் பிரிவின் முதல் தலைவராக. மலாயாவின் அந்தத் தலைமைப் பதவியில் அவருக்கு இரண்டு ஆண்டுதான் கிடைத்தது. போதவில்லை என்பதே என் எண்ணம்.

சுதந்திரத்தின்போது மலாயாவில் உயிரோடு பிறக்கும் ஆயிரம் பிள்ளைகளில் 75 பேர் ஒரு வயதைத் தாண்டவில்லை. சுதந்திர மலாயாவின் முதல் சுகாதார அமைச்சர் யார் தெரியுமா? சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ.தி. சம்பந்தன். 1957 முதல் 1959 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். கிராமங்களுக்கு அரசு தாய்சேய் நல நிலையங்கள் வந்தன, மருத்துவச்சிகள் வந்தார்கள். சாவு மளமளவென்று குறைந்தது. ஆனால் தோட்டம் தனியார் நிலம், தொழிலாளியின் உடல்நலம் முதலாளி பாடு என்ற பழைய கணக்கு மட்டும் நெடுநாள் மாறவில்லை. அரசு நர்ஸின் சைக்கிள் தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே திரும்பிவிட்டது.

ஏடு இருந்தால்

ரப்பர் கம்பெனிகளின் காகிதங்கள் லண்டனில் பத்திரமாக இருக்கின்றன. ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்டின் ஏடுகள் லண்டன் ஆவணக் காப்பகத்தில். கத்ரி கம்பெனியின் ஏடுகள் சோவாஸ் என்ற கல்லூரியில். எந்தத் தோட்டத்தில் எத்தனை ஏக்கர், எத்தனை ராத்தல் ரப்பர் என்று தேடிப்போகிறவருக்கு அங்கே வழி உண்டு. தோட்டத்து ஆஸ்பத்திரி ஏடுகளுக்கு அப்படி ஒரு முகவரி இல்லை. 1950-களில் துண்டாடல் வந்து தோட்டங்கள் கைமாறின. பிறகு கித்தா போய்ச் செம்பனை வந்தது, செம்பனைக்குப் பின் வீடமைப்பு வந்தது. சனங்கள் புந்தோங்குக்கும் பட்டணங்களுக்கும் பெயர்ந்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் அலமாரிக்கும் விலை கிடைத்தது. தடித்த அட்டை போட்ட ஏட்டுக்கு யார் விலை கொடுப்பார்?

இது வரலாற்று ஆசிரியரின் கவலை மட்டும் என்று நினைக்க வேண்டாம். சூராட் பெரானாக் என்ற பிறப்புப் பத்திரம் இல்லாமல், குடிமகனின் நீல அட்டை இல்லாமல், சிவப்பு அட்டையோடு காலம் தள்ளிய நம்மவர்களை எல்லாருக்கும் தெரியும். 2011-இல் அவர்களைப் பதிவு செய்ய அரசு மைடஃப்தார் என்று தனி இயக்கமே நடத்த வேண்டியிருந்தது. இன்ன தோட்டத்தில், இன்ன தேதியில், இன்னாருக்குப் பெண் பிள்ளை என்று டிரஸ்ஸர் எழுதிய ஒரு வரி கையில் இருந்திருந்தால், எத்தனை குடும்பங்கள் அலுவலகப் படி ஏறி இறங்கும் வேலை மிச்சமாகியிருக்கும்! பேரப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் சேரும் வரைக்கும் பாட்டியின் காகிதம் துரத்துகிறது.

வில்லியம்ஸை வானளாவப் புகழ்வது என் நோக்கமில்லை. அவர் காலனி அரசின் அதிகாரி. அந்த அரசு தோட்டத்துக்கு எதைச் செய்யாமல் விட்டது என்பதில் அவருக்கும் பங்கு கேட்கலாம். ஆனால் கேட்பதற்குக்கூட அவர் காகிதங்கள் இருக்கின்றன. மிச்சமிருப்பது நம் பங்கு. பேராக்கில் டிரஸ்ஸராக, எச்.ஏ.-ஆக, நர்ஸாக, கிராணியாக வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். பரணில் பழைய நாட்குறிப்பு, பிரசவக் கணக்கு, மருந்துப் பட்டியல், செக்ரோல், ஆயாக் கொட்டகைப் படம், அம்மை குத்திய அட்டை ஏதாவது கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுங்கள். தோட்டத்தின் பெயர், டிவிஷன், ஆண்டு, எழுதியவர் யார் என்பதை ஒரு தாளில் குறித்து உள்ளே வையுங்கள். நோயாளிகள் பெயருள்ள பக்கங்களை முகநூலில் போட வேண்டாம். அது அவர்களின் அந்தரங்கம். கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் தனியார் காகிதங்களையும் ஏற்றுக்கொள்கிறது, எழுதிக் கேளுங்கள். வீட்டில் கிழவிகள் இருந்தால் இந்த வாரக் கடைசியில் பக்கத்தில் உட்கார்ந்து, உன் பிள்ளைகளுக்கு என்ன ஊட்டினாய், யார் பார்த்துக்கொண்டார்கள், எத்தனை தங்கியது, எத்தனை போனது என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். அக்ராவில் அந்த டாக்டரம்மா செய்ததும் அதைத்தான்.